ஆட்சேபணை எண் பதினேழு

லாஸ்பேட்டை, புதுச்சேரி
7 ஆகஸ்ட் 2006

திருமதி கமலவேணி,
துணைக் கல்வி அதிகாரி, காரைக்கால்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பள்ளிக் கேண்டீன்களிலும் பள்ளி வாசலிலிருந்து நூறு மீட்டருக்குள்ளும் சர்க்கரைப் பானங்களும் மிட்டாய்களும் விற்கக் கூடாது என்னும் தங்கள் வரைவு ஆணையைப் படித்தேன். முப்பது நாளுக்குள் யாரும் ஆட்சேபணை அனுப்பலாம் என்கிறது அதன் கடைசிப் பத்தி. அந்த 'யாரும்' என்பதில் நானும் அடங்குவேன் என்ற துணிவில் எழுதுகிறேன். அரசியல் அறிவியலை இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கற்பிப்பவன் என்பதைத் தவிர வேறு தகுதி எதையும் கோரவில்லை.

குழந்தை எதைத் தின்னலாம் என்று சொல்ல வேண்டியவர்கள் அதன் பெற்றோர். அவர்கள் தவறினால் அது அவர்கள் குறை. அதை நிரப்ப அரசாங்கம் வந்துவிட்டால், பிறகு யாரும் எதற்கும் பொறுப்பேற்கக் கற்றுக்கொள்ளப் போவதில்லை. இன்று பள்ளி வாசல், நாளை சமையலறை. இது கற்பனை அச்சம் அன்று. தங்கள் துறை அதிகாரி ஒருவர் பதினோரு ஆண்டுகள் என் தேநீருக்குச் சர்க்கரை அளந்த வீட்டில் வாழ்ந்தவன் நான். அத்தகைய ஆட்சி ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை ஆள்பவர்கள் இருந்து பார்ப்பதில்லை. மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

என்னை நேரில் விசாரிக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
முனைவர் க. வெற்றிச்செல்வன்


காரைக்கால்
16 ஆகஸ்ட் 2006

ஐயா,

தங்கள் மனு ஆட்சேபணை எண் பதினேழாகப் பதிவு செய்யப்பட்டது. விசாரணை: செப்டம்பர் 14, காலை பதினொரு மணி, இவ்வலுவலகம்.

துணைக் கல்வி அதிகாரி

(தனித் தாளில்)

அன்புள்ள உங்களுக்கு,

மேல் தாளில் இருப்பது அலுவலகக் கடிதம். இது நான் எழுதுவது. இரண்டு வருஷத்தில் உங்களிடமிருந்து வந்த முதல் கடிதம், அதிலும் 'அம்மையீர்'. பியூன் மண்ணாங்கட்டி படித்துவிட்டு, "யாரும்மா இவரு, திட்டுறாரா பாடம் நடத்துறாரான்னே புரியல" என்றார். தெரிந்தவர்தான் என்றேன்.

இங்கே ஒரு பள்ளிக்குப் பெயர்ப் பலகை எழுதிக் கொடுத்தது ஒரு குளிர்பானக் கம்பெனி. கம்பெனியின் பெயர் பெரிதாக, பள்ளியின் பெயர் சின்னதாக. கேண்டீனில் உள்ள ஃபிரிட்ஜும் அவர்கள் கொடுத்ததுதான். அதில் தண்ணீர் பாட்டில் வைக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். ஆறு வயதுப் பிள்ளை அங்கே நின்று எதைச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லுங்கள்.

அங்கே வீட்டு வேலைக்கு வரும் அஞ்சலாட்சி போன் செய்தாள். "ஐயா கால மறச்சி மறச்சி நடக்குறாரும்மா. கேட்டா செருப்பு கடிச்சிதுங்குறாரு." உங்களுக்கு இருக்கும் சர்க்கரைக்குக் காலில் புண் வரலாமா? ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மட்டும் அனுப்புங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

14ஆம் தேதி மதியத்துக்கு என்ன சமைக்கட்டும்?

வேணி


லாஸ்பேட்டை
22 ஆகஸ்ட் 2006

வேணிக்கு,

அரசாங்கம் என் வீட்டில் ஒற்றர் வைத்திருப்பதை இப்போதுதான் அறிந்தேன். ரிப்போர்ட் வராது. உடம்பு என்னுடையது, பொறுப்பும் என்னுடையது. புண் ஆறி வருகிறது.

அன்பழகன் வீட்டுக் கல்யாணப் பந்தியில், எதிர் வரிசையில் என் மாணவர்கள் உட்கார்ந்திருக்க, என் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து உன் இலையில் வைத்தாய். ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் சிரித்திருந்தால்கூட மறந்திருப்பேன். நான் பரிமாறியவரைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு வாங்கித் தின்றேன். அடுத்த வாரமே காரைக்காலுக்கு மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்தாய். அதை நான் உன் அலுவலக கிளார்க் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது தேநீரை நானே போட்டுக்கொள்கிறேன். எத்தனை கரண்டி என்பது இன்றுவரை பிடிபடவில்லை. ஒருநாள் திகட்டுகிறது, ஒருநாள் வெறும் கஷாயம். இதை ஆட்சேபணையின் பகுதியாகக் கொள்ள வேண்டாம்.

14ஆம் தேதி வருவேன். காரைக்கால் மீன் இங்குள்ள வைத்திக்குப்பத்து மீனுக்கு ஈடாகாது என்பது என் எண்ணம். இருந்தாலும் மீன் குழம்பு வை.

வெற்றிச்செல்வன்


காரைக்கால்
18 செப்டம்பர் 2006

அன்புள்ள உங்களுக்கு,

அன்று மண்ணாங்கட்டி வராந்தாவில் நின்று உங்கள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். "இவ்ளோ எழுதுனவரு ஒரு பஸ் ஏற மாட்டாராம்மா" என்றார். ஐந்து மணி வரை கோப்பை மூடாமல் வைத்திருந்தேன். குழம்பு அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

போனை நீங்கள் எடுக்கவில்லை. அஞ்சலாட்சியைக் கேட்டேன். "ஊட்லதாம்மா இருக்காரு, கால நாக்காலி மேல தூக்கி வச்சிக்கினு" என்றாள். அந்த நிமிஷமே பஸ் ஏறியிருப்பேன். வந்து என்ன செய்வேன் என்று யோசித்தேன். மறுபடியும் உங்கள் இலையில் கை வைப்பேன்.

பந்தியில் நான் செய்தது தவறு. மன்னித்துவிடுங்கள். நீங்கள் கேட்ட விடுதலையை வீட்டளவில் ஒப்புக்கொள்கிறேன். இனி எனக்கு எதையும் சொல்லக் கூடாது என்று அஞ்சலாட்சியிடம் வாக்கு வாங்கிவிட்டேன். நானும் கேட்க மாட்டேன். பள்ளிக்கூடம் வேறு, அங்கே விட்டுக்கொடுப்பதற்கில்லை.

டிசம்பரில் இங்கே என் பணிக்காலம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷம் நீட்டிக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். இந்த முறை நானே சொல்லிவிடுகிறேன்.

வேணி


அரசு மருத்துவமனை, புதுச்சேரி
30 அக்டோபர் 2006

வேணிக்கு,

ஆணை வந்துவிட்டது. அதை இங்கே கொண்டுவரச் சொல்லிப் படித்தேன். ஆட்சேபணை எண் பதினேழை நிராகரித்த பத்தி நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. என் கருத்து மாறவில்லை. அந்த ஃபிரிட்ஜுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அந்தப் புண்ணை வாரக்கணக்கில் நான் ஒருவனே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரரையோ அரசாங்கத்தையோ குறை சொல்வதற்கில்லை. பொறுப்பு என்னுடையது என்றேன், என்னுடையதுதான்.

அஞ்சலாட்சி வாக்கைக் காப்பாற்றுகிறாள். "அம்மாகிட்ட சொல்லட்டுமான்னு கேக்கக்கூட பயமா கீதுங்கய்யா" என்கிறாள். என்ன தின்றீர்கள், எங்கே வலிக்கிறது என்று ஆறு வாரமாக என்னை வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நான் வாதாடிக் கேட்டது இதைத்தான். அது இப்படி இருக்கும் என்று என் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை.

என்னைக் கேள் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அதை நானே எழுதி மறுத்திருக்கிறேன். உரிமை இல்லாமல்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். நடக்கும்போது பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமாம். "கூட யார் சார் வருவாங்க?" என்று நர்ஸ் துர்கா படிவத்தை நீட்டினாள். பெயர் என்ற கட்டத்தில் உன் பெயரை எழுதினேன். உறவு என்ற கட்டத்தில் மனைவி என்று எழுதினேன். வருவாயா என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

வெற்றிச்செல்வன்