மாட்டுப் பாட்டுக்காரி உனக்கு எழுதுவது

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இந்த ஆயுத பூஜையன்று மைக்கில் என் பேரைக் கூப்பிட்டதும் ஓடிப்போய்க் கம்பெனிக் கக்கூசில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். பேத்தி எடுத்தவள் செய்கிற காரியமா? உள்ளே பினாயில், வெளியே பொரிகடலை வாசம். பொரிகடலை வாசம் வந்தால் கூடவே நீயும் வந்துவிடுகிறாய்.

செக்கிங் டேபிளில் பனியனில் ஓட்டை பார்த்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் எதிரெதிரே நின்றோம். நீ திருநெல்வேலிப் பக்கம், நான் மூலனூர். 'ங்க' போடாமல் எனக்குப் பேச வராது. "கூட நின்னு ஓட்ட பாக்கவளுக்கு என்னளா மரியாத?" என்பாய். நீ போன பிறகுதான் 'நீ' என்று எழுத வாய்க்கிறது.

பூஜைக்குக் கவிதை சொல்கிற வழக்கத்தை ஆரம்பித்தவளே நீதான். பத்திரிகையில் கிழித்த கவிதைகளைச் சோற்றுப் பையில் வைத்திருப்பாய். மனப்பாடம் செய்யும் முன் உனக்கு ஒரு கேள்வி உண்டு: "இதுல யாரு பேசுதா? யாருக்காகப் பேசுதா?" நானோ பீஸ் எண்ணுகிற பழக்கத்தில் வரிகளை எண்ணி, இருப்பதிலேயே சின்னதை எடுத்தேன். எட்டே வரி. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாடு. சரிவில் இறங்கும், திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து ஏறும். ஆயுசுக்கும் நடந்தும் அடுத்த தோட்டத்தைக்கூடப் பார்த்திருக்காது.

யாரைப் பற்றி என்று கேட்டாய். "மாட்டப் பத்தித்தானுங்க" என்றேன். நீ சிரித்தாய். சிரித்தபடியே அடுத்த பீஸை எடுத்தாய்.

முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம், வருஷா வருஷம் இதையே சொல்லச் சொல்லி மேனேஜர் வந்தார். அன்று மாட்டிக்கொண்டவள்தான். வேறெதையாவது சொல்லலாம் என்று மேடையேறினால், தையல் லைன் மொத்தமும் "மாட்டுப் பாட்டு" என்று கத்தும். தமிழ் தெரியாத ஒடிசாப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "ஒரு தடவையாவது ஒனக்குப் புரிஞ்சதச் சொல்லுளா." சரியென்று வாக்குக் கொடுத்தேன். மூன்று மாசம் புதுசாக ஒன்றை மனப்பாடமும் செய்தேன். கடைசியில் இந்தக் கக்கூசு.

மூன்று பேர் கதவைத் தட்டி என்னை இழுத்துப்போனார்கள். மைக்கைப் பிடித்ததும் பழையதுதான் வாயில் வந்தது. நாலாவது வரியில் மாடு நின்று பாதையைப் பார்க்கும். நானும் பார்த்தேன். எதிரில் நம் டேபிள், நீ நின்ற பக்கம் காலி. இந்தப் பக்கம் பீஸ் வர, அந்தப் பக்கம் போக, நின்ற இடத்திலேயே இத்தனை வருஷம் நடந்தது யாரென்று அப்போதுதான் புரிந்தது. அந்த வரியோடு நின்றுவிட்டேன். மறந்துவிட்டேன் என்று நினைத்து ஐம்பது பேர் அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தார்கள்.

மிச்சத்தை முதலாளி முகத்தைப் பார்த்தே சொன்னேன், ஒவ்வொரு சொல்லும் புரிந்து. உனக்குக் கொடுத்த வாக்கை மாட்டை மாற்றாமலே காப்பாற்றிவிட்டேன். நாளைக்குச் சீட்டுக் கிழிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அவர் வழக்கம்போலக் கைதட்டினார்.

இப்போது எதைப் படித்தாலும், யாரு பேசுதா என்று உன் குரல் கேட்கிறது. அதை மட்டும் விடாமல் வைத்திருக்கிறேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. மைக் செட் சத்தம் முதலாளிக்கு ஆகாதாம். கும்பிடப் பக்கத்தில் போனபோது பார்த்தேன், இரண்டு காதிலும் பனியன் வேஸ்ட் துணி. வருஷா வருஷம் அடைத்துக்கொண்டுதான் உட்காருவாராம்.