வாஸ்லின் தடவிய ரப்பர் வளையம்

இன்று காலை நம் நாகர்கோவில் வீட்டுக்குக் குடிநீர் ஃபில்டரைச் சர்வீஸ் செய்ய வந்தவர், அதன் ரப்பர் வளையத்தில் வாஸ்லினைத் தடவப் போனார். "அது வேண்டாம், ரப்பர் ஊதிப்போவும். சிலிக்கோன் கிரீஸ் தாரேன்" என்று உங்கள் பழைய டியூபை எடுத்துக் கொடுத்தேன். இத்தனை வருஷத்திலும் அது காயவில்லை. "இதெல்லாம் எங்க படிச்சீங்க அக்கா?" என்றார். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது.

நாம் கல்யாணமாகி ஷார்ஜா வந்த புதிது. மொபைலுக்குப் படம் எடுக்கத் தெரியாத காலம். எனக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி, உங்களுக்கு ஏசி வேலை. வெள்ளிக்கிழமைதான் நமக்கு ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து எல்லோரும் பிரியாணிக்குப் போவார்கள். நீங்கள் மட்டும் கோலா பாட்டிலில் செய்த ராக்கெட்டோடு என்னை மணல்வெளிக்கு அழைத்துப்போவீர்கள். உள்ளே கொஞ்சம் தண்ணீர், மேலே சைக்கிள் பம்பால் அடைத்த காற்று. கயிற்றை இழுத்துக் கிளிப்பைக் கழற்றினால் பறக்க வேண்டும். பாட்டிலின் வாய்க்குள் நுழையும் குழாயில் இருந்த ரப்பர் வளையம்தான் காற்றைக் காத்தது. அதற்கு எதைத் தடவுவது என்பதில்தான் உங்கள் ஆராய்ச்சியெல்லாம். தேங்காயெண்ணெய் ஏசி அறையில் உறைந்தது. நான் கொண்டுவந்த ஈசிஜி ஜெல் வெயிலில் பொருக்கானது. "வழுக்கினா மட்டும் போதாது பிள்ளே, ரப்பரோட ஒத்துப் போவணும்" என்று எனக்குப் பாடம் நடத்திய நீங்களே, அடுத்த வாரம் வியாழக்கிழமை இரவே வளையத்தில் வாஸ்லினை அப்பி வைத்தீர்கள்.

"யல்லா, கிளம்பு!" என்று கயிற்றை இழுத்தீர்கள். கிளிப் கழன்றது, பாட்டில் அசையவில்லை. வளையம் ஊதி, பாட்டிலின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. திருகிப் பார்க்கக் குனிந்தீர்கள். பின்னாலிருந்து உங்கள் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன்.

"போவாதீங்க! உள்ள காத்து இருக்கு!"

"ஒண்ணும் ஆவாது, விடு பிள்ளே" என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் பாட்டில் சீறிக்கொண்டு போனது, உங்கள் முகம் இருந்த இடத்தின் வழியாக. அந்த மணலிலேயே உட்கார்ந்து உங்களைத் திட்டித் தீர்த்தேன். மறுநாள் ரோலா கடைத்தெரு முழுக்க அலைந்து இந்த டியூபை வாங்கி வந்தீர்கள், அறுந்த பொத்தான்களுக்காக மட்டும் குறைப்பட்டுக்கொண்டு.

நீங்கள் சைட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது, நான் வார்டில் யாருக்கோ நாடி பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

இன்று ஃபில்டரை மாட்டிக் குழாயைத் திறந்தவர், கசிகிறதென்று மூடியைக் கழற்றக் குனிந்தார். என்னை அறியாமல் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"முதல்ல தண்ணிய அடைங்க."

அவர் திகைத்துத் திரும்பினார். கையை விட எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.