நதீராவின் கடித உறை

ராத்தா பாத்தும்மாவுக்கு, தோஹாவிலிருந்து தம்பி றவூப் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் உதவியால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி?

உங்கள் மகள் நதீராவின் தாதிப் பதிவு இங்கே இழுபடும் என்று நான் அன்றைக்கே சொன்னேனே! அவள் படித்த கல்லூரி என் விலாசத்துக்கு அனுப்பிய சான்றிதழ் உறையைப் பிரிக்காமல் பதிவு அலுவலகத்தில் கொடுக்க வேண்டுமாம். அது தபாலில் கிழிந்து வந்ததால் திருப்பிவிட்டார்கள். பெரிய அதிகாரியே எழும்பி, எனக்குக் கதிரை தந்துதான் சொன்னார்.

வெளியே வந்ததும் நதீரா, "இன்னொண்டு வாற வரைக்கும் நான் கிழவிமாரக் குளிப்பாட்டுற வேலதான் மாமா" என்று சிரித்தாள்.

உங்கள் மகன் றாஸிக்கைக் கல்லூரிக்கு அனுப்பிப் புது உறை எடுப்பியுங்கள். எனக்குக் கொஞ்சம் மாசிக் கருவாட்டுத் தூளும் அனுப்புங்கள்; தனியே சோறு இறங்குவதில்லை.

பஸ் தரிப்பிடத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது. ராத்தா, உறை தபாலில் கிழியவில்லை. நான்தான் பிரித்து, மருமகளின் பரீட்சைப் புள்ளிகளை என் அறையில் இருக்கும் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு இன்னும் தெரியாது. புது உறையை என் விலாசத்துக்கு அனுப்ப வேண்டாம்.

தம்பி றவூப்