நாற்பத்து மூன்று வாய்தா

ஏப்ரல் 2

அன்புள்ள அமிலத்துக்கு,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிட்டுப் பதினொரு வருடம் ஆகிறது. கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடாமல் இருந்தால், கடைசி வரி வரை படித்துவிடு.

முந்தாநாள் ஓய்வு பெற்றேன். ஏரிக்கரையில் இருக்கும் உன் கிளைப் பரிசோதனைக் கூடத்துக்கும் சுற்றறிக்கை வந்திருக்கும். வழியனுப்பு விழாவில் என்னைப் புகழ்ந்த புகழ்ச்சியில், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. முப்பத்தொரு வருடம் தண்ணீரைச் சோதித்தவனின் சாமான்கள் ஓர் அட்டைப் பெட்டிக்குள் அடங்கிவிட்டன. பெட்டியில் இடமும் மிச்சம்.

இன்னொரு சேதி. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுவது போல அதை மாற்ற வேண்டுமாம். "மாத்தினா எத்தனை வருஷம் ஓடும் டாக்டர்?" என்றேன். "நான் டாக்டர் சார், ஜோசியர் இல்ல" என்றார். "மாத்தலேன்னா?" என்று கேட்டேன். அதற்கு அவர் ஜோக் அடிக்கவில்லை.

மிச்சமிருக்கிற நாளில் என்ன செய்ய ஆசை என்று உன் அண்ணி கேட்டாள். செய்யக் கூடாதது ஒன்றுதான் எனக்கு உடனே தோன்றியது. தீர்ப்பாயத் தாழ்வாரத்தின் அந்த நீல பெஞ்சில், இன்னொரு முறை உன் பக்கத்தில் ஊமையாக உட்காரக் கூடாது. இதுவரை நாற்பத்து மூன்று வாய்தா. நாற்பத்து மூன்று தடவையும் நீ இடது ஓரம், நான் வலது ஓரம், நடுவில் இரண்டு வக்கீல்களின் பைகள்.

பணிமூப்புப் பட்டியலில் உன் பெயர் எனக்கு மேலே இருந்திருக்க வேண்டும் என்பதுதான் உன் வழக்கு. இருந்திருக்க வேண்டும்தான். நாம் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ காலை பத்து மணிக்கு வந்தாய். நான் பேருந்தைத் தவறவிட்டு மூன்று மணிக்கு வந்தேன். முதல் நாளே நண்பனுக்குக் கெட்ட பெயர் வேண்டாம் என்று, பதிவேட்டில் உன் கையெழுத்துக்கு மேலே ஒரு வரியைக் காலியாக விட்டு வைத்திருந்தாய். குமாஸ்தா டீ குடிக்கப் போன நேரத்தில் அதில் கையெழுத்துப் போட்டேன். 'முற்பகல்' என்றும் எழுதினேன். இருபது வருடம் கழித்துப் பதவி உயர்வு வந்தபோது அந்தப் பதிவேட்டைத்தான் புரட்டினார்கள். மேல் வரிக்காரன் மூத்தவன் ஆனான். தலைமைப் பகுப்பாய்வாளர் நாற்காலி எனக்கு வந்தது.

நீ நடந்ததை நடந்தபடி சொன்னாய். "சாட்சி இருக்கா?" என்று என் வக்கீல் கேட்டார். இருந்த ஒரே சாட்சி வலது ஓரத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினெட்டாம் தேதி வாய்தாவில் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா.

உன்,
நெட்டை


ஏப்ரல் 7

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களின் இரண்டாம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. தங்கள் உடல்நிலை குறித்து வருந்துகிறேன். இதை மரியாதைக்காக எழுதவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளவும்.

மற்றபடி, தங்கள் மனசாட்சியும் தாங்களும் ஒரே நாளில் ஓய்வு பெற்றிருப்பதாகத் தெரிகிறது. பதவியில் இருந்த பதினொரு வருடம் அதற்கும் அலுவலக வேலை அதிகமாக இருந்திருக்கும். நாற்காலியை அனுபவித்துத் தேய்த்துவிட்டு, கால் ஆடும்போது "இது உன்னுடையதுதான், எடுத்துக்கொள்" என்கிறீர்கள். பெருந்தன்மைதான்.

எனக்கு மறதி கிடையாது. பதவி உயர்வு கிடைத்த அன்று தாங்கள் நேரில் வரவில்லை. ப்யூன் கையில் இனிப்புப் பொட்டலம் வந்தது. அடுத்த மாதமே என்னை ஏரிக்கரைக்கு மாற்றும் உத்தரவு வந்தது. கீழே தங்கள் கையெழுத்து, அதுவும் பச்சை மையில். அங்கே எனக்குத் துணை ஒரு நாய், ஒரு குளிர்பதனப் பெட்டி, வாரத்துக்கு நூற்றிருபது தண்ணீர் பாட்டில்கள். நாய் மட்டும் பரவாயில்லை. தங்கள் மகள் திருமணத்துக்கு அழைப்பிதழ் சாதாரணத் தபாலில் வந்தது. குமாஸ்தாவின் கையெழுத்தில் முகவரி.

என் மனைவியிடம் தங்கள் கடிதத்தைக் காட்டினேன். "போய்ப் பார்த்துட்டு வாங்களேன். வாய்தாவுக்குப் போறப்பல்லாம் சட்டைக்கு ரெண்டு தடவை இஸ்திரி போடுறீங்க. நம்ம கல்யாணத்துக்குக்கூட நீங்க இப்படிக் கிளம்பினதா எனக்கு ஞாபகம் இல்ல" என்றாள். அவளுக்குச் சட்டமும் தெரியாது, சுயமரியாதையும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
முதுநிலைப் பகுப்பாய்வாளர்
(இன்றும் அதே பதவிதான்)


ஏப்ரல் 12

அன்புள்ள அமிலத்துக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணி சத்தமாகப் படித்தாள். நாய் வந்த இடத்தில் இருவருமே சிரித்துவிட்டோம். சிரித்ததற்கு மன்னித்துவிடு. இப்போதெல்லாம் சிரித்தால் எனக்கு மூச்சு வாங்குகிறது, தண்டனை உடனே கிடைத்துவிடுகிறது.

முதலில் இனிப்பைப் பற்றிச் சொல்கிறேன். உன் அறை வாசல் வரை நானேதான் பொட்டலத்தோடு வந்தேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாய். உள்ளே வரத் தைரியம் வரவில்லை. திரும்பிப் போய் ப்யூனிடம் கொடுத்தேன்.

மாற்றல் கதை வேறு. துறை மேலேயே வழக்குப் போட்டவனை ஒரே கட்டடத்தில் வைத்திருக்க மாட்டேன் என்றார் இயக்குநர். உனக்கு அவர் எழுதி வைத்திருந்தது எல்லையோரக் கூடம், ஒரு நாள் முழுக்க ரயில். "அவன் பையன் பத்தாவது படிக்கிறான் சார்" என்று மூன்று முறை கெஞ்சி, அதை ஏரிக்கரை ஆக்கினேன். நாற்பது நிமிடப் பேருந்து. இதை உனக்கு யாரிடம் சொல்லி அனுப்புவது? பேசுகிற நிலையிலா இருந்தோம்?

அழைப்பிதழ் தப்புதான். நேரில் வந்திருக்க வேண்டும். நீ கதவைத் திறக்க மாட்டாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கல்யாணத்தன்று உன் அண்ணி மூன்று முறை கேட்டாள், "வாசலையே என்ன பார்க்கிறீங்க, மாப்பிள்ளைதான் ஏற்கெனவே உள்ள வந்தாச்சே?"

பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்துவிட்டேன். காலி வரி, டீ குடிக்கப் போன குமாஸ்தா, மூன்று மணி எல்லாம் அதில் இருக்கிறது. "சார், சொந்தக் கோல்லயே பந்தைப் போடுறீங்க" என்றார் என் வக்கீல். பதினெட்டோடு உன் வழக்கு முடிந்துவிடும். மருத்துவமனையில் ஜூன் பன்னிரண்டைக் குறித்திருக்கிறார்கள். நடுவில் இரண்டு மாதம் எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை.

உன்,
நெட்டை


ஏப்ரல் 16

ஐயா,

என் வக்கீல் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார். "ஜெயிச்சாச்சு சார்! எதிர்த்தரப்பே ஒத்துக்கிச்சு!" அவருடைய உற்சாகத்தைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யாரைக் கேட்டுத் தோற்கிறீர்கள்? பதினொரு வருடம் ஒவ்வொரு ஆவணமாகத் தேடிச் சேர்த்தேன். அன்றைய பேருந்து நேர அட்டவணையைக்கூடப் போக்குவரத்து அலுவலகத்துப் பரணிலிருந்து எடுத்தேன். தும்மல் அடங்க ஒரு வாரம் ஆயிற்று. அதையெல்லாம் ஒரு தாளில் முடித்துவிட்டு, நல்லவன் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டு போவீர்களா? ஜெயித்தால் என் வாதத்தால் ஜெயிக்க வேண்டும். ஒரு நோயாளியின் இரக்கம் எனக்கு வேண்டாம்.

அது போகட்டும், பின்விளைவை யோசித்தாயா? பொய்யாகக் கையெழுத்துப் போட்டேன் என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய். துறை சும்மா விடுமா? அறுவை சிகிச்சைக்குப் படுத்திருக்கும்போது விசாரணைக்கு வா என்று நோட்டீஸ் அனுப்புவார்கள். உன் ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள். அண்ணியைக் கேட்டாயா? எப்போதும் இப்படித்தான் நீ. முதலில் பேருந்தை விடுவாய், பிறகு மற்றவர்கள் உனக்காக எதையாவது செய்ய வேண்டும்.

பதினெட்டாம் தேதி நான் வரவில்லை. பதில் தாக்கல் செய்ய அவகாசம் கேட்கும்படி வக்கீலிடம் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
மனுதாரர்


ஏப்ரல் 19

அமிலம்,

நேற்றுப் போயிருந்தேன். பெஞ்சின் இடது ஓரம் காலியாக இருந்தது. வேறு யாரோ ஒரு பெரியவர் உட்கார வந்தார். "ஆள் வருது" என்று சொல்லிவிட்டேன். அவர் அரைமணி நேரம் நின்றுகொண்டே இருந்தார். பாவம், பிறகு நானே எழுந்து அவருக்கு என் இடத்தைக் கொடுத்தேன்.

உன் வக்கீல் அவகாசம் கேட்டார். நடுவர் நாள்காட்டியைப் புரட்டி, ஜூன் இருபது என்றார். என் பெயரைக் கூப்பிட்டு, ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். என்ன சொல்ல? ஜூன் பன்னிரண்டைத் தாண்டி எனக்கு எந்தத் தேதியையும் உறுதியாகச் சொல்லத் தெரியாது என்று ஒரு தீர்ப்பாயத்தில் சொல்ல முடியுமா? "இல்லை ஐயா" என்றேன்.

உன் அண்ணியைக் கேட்டுத்தான் எழுதிக் கொடுத்தேன். "கம்மியா வந்தா கம்மியா சாப்பிடுவோம். மொதல்ல அந்தத் தம்பி மூஞ்சிய நேராப் பார்த்துப் பேசுங்க" என்றாள். அவள் இன்னும் உன்னைத் தம்பி என்றுதான் சொல்கிறாள்.

உன்மேல் எனக்குக் கோபம் வந்து நீ பார்த்ததில்லை. இப்போது வருகிறது. நீ ஆத்திரத்தில் வாங்கிய இரண்டு மாதம் என்னுடையது. உனக்கு வேலையில் இன்னும் நாலு வருடம் இருக்கிறது, வாய்தா வாங்க வசதி. என்னிடம் அவ்வளவு இருப்பு இல்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்த நாற்பத்து மூன்று நாளில் ஒரு நாளாவது "சாப்பிட்டியா?" என்று கேட்டிருக்கலாம். நானும் கேட்கவில்லை. அதைத் திருப்பித் தர எந்தத் தீர்ப்பாயத்துக்கும் அதிகாரம் கிடையாது.

இனி நான் எழுதப் போவதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். ஏரிக்கரையில் ஈரக்காற்று, உனக்குச் சளி பிடிக்கும்.

நெட்டை


மே 1

டேய் நெட்டை,

பன்னிரண்டு நாளாகத் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். எழுத மாட்டேன் என்றால் எழுதாமலே இருந்துவிடுகிற ஆள் நீ என்பது மறந்துவிட்டது.

நேற்று வழக்கை வாபஸ் வாங்கிவிட்டேன். வழக்கு போனதோடு உன் பிரமாணப் பத்திரமும் போயிற்று. யாரும் படித்துப் பார்க்க மாட்டார்கள், என்னைத் தவிர. நகல் என்னிடம் இருக்கிறது. நாலு முறை படித்தேன். நல்ல தமிழ். "பைத்தியமா சார் உங்களுக்கு? ஜெயிச்ச கேஸை யாராவது விடுவாங்களா?" என்று வக்கீல் தாழ்வாரமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. இருந்தும் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவள் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஜூன் பத்திலிருந்து ஒரு மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மருத்துவமனையில் இரவும் பகலும் உட்கார அண்ணி ஒருத்தியால் முடியாது. எனக்குத் தாழ்வாரங்களில் உட்கார்ந்து நல்ல பழக்கம்.

இதைப் படித்துவிட்டு நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று முடிவு கட்டாதே. பெரிய உத்தமன் என்று என்னை நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததை என்னால் விட முடியாது. எல்லையோரக் கூடத்திலிருந்து நீ என்னைக் காப்பாற்றியதையும், சொல்லாமல் மறைத்ததற்காக, உன் மேல் குற்றமாகத்தான் சேர்த்திருக்கிறேன். என் மேல் சொல்ல உனக்கும் குற்றங்கள் இருக்கும், அந்த இரண்டு மாதமே போதும். எழுதி வை.

என் பக்கத்தை நேற்று உட்கார்ந்து வரிசைப்படுத்தினேன். மொத்தம் பதினேழு குற்றச்சாட்டு வந்தது. உன் உடம்புக்கு ஆகாது என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டுக்கு மேல் எடுக்க மாட்டேன். நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து ஆரம்பிக்கிறேன். ஒன்பது ஞாயிறு ஆகும். ஜூன் பன்னிரண்டைத் தாண்டி இன்னும் மூன்று ஞாயிறு போகும். அதுவரை நீ இருந்து பதில் சொல்லியாக வேண்டும். அவகாசம் தர மாட்டேன்.

அமிலம்