காலி ட்ரெய்லரை யார் கொண்டுவருவது

ஜனவரி 18, ஞாயிறு

காற்றே இல்லை. விடிந்ததிலிருந்து புழுக்கம். தை மாதத்திலேயே இப்படி வியர்த்தால் சித்திரையில் என்ன பாடு படப்போகிறோமோ.

படகைக் கிட்டங்கியிலிருந்து வெளியே எடுத்துக் கழுவினோம். எடுத்தோம் என்பது பேச்சுக்கு. எடுத்தது நான். ஆரியசாலைச் சந்தில் எங்கள் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கி வாசலில் ஜீப்பைத் திருப்பவே இடம் போதாது. அதன் பின்னால் ட்ரெய்லர், ட்ரெய்லர் மேல் பதினெட்டடிப் பாய்ப்படகு. இந்தப் பக்கம் வெல்லக்கடை ஓடை, அந்தப் பக்கம் கரண்டுக் கம்பம். அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்து "ஆங், வரட்டும், வரட்டும்" என்று கைகாட்டிக்கொண்டிருந்தார். கைகாட்டாமல் இருந்திருந்தால் இன்னும் சுலபமாக வந்திருக்கும்.

கோவளத்தில் ஜாகையைக் காலி பண்ணிப்போன ஒரு வெள்ளைக்காரரிடம் அண்ணன் வாங்கிய படகு. இதுவரை காயலில்தான் ஓடியது. இந்தத் தடவை கடல். அண்ணன் மகள் மீனாவுக்குக் கொச்சியில் வேலை. அங்கே ஒரு கிளப்பில் சேர்ந்து முறையாகப் பாய் விடக் கற்றிருக்கிறாள். சாயங்காலம் போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி எங்கள் இருவருக்கும் திட்டத்தை விளக்கினாள். கொல்லத்தில் விடியும்போது படகை இறக்குவது. கரைக்காற்றில் வெளியே போய்விட்டு, மத்தியானம் வடமேற்கிலிருந்து கடல்காற்று கிளம்பியதும் அதை முதுகில் வாங்கிக்கொண்டு தெற்கே வருவது. இருட்டுவதற்குள் விழிஞ்ஞம்.

"மூணு பேரு வேணும். அப்பா, நான், சித்தப்பா. ஓகே அல்லே?"

சித்தப்பா என்றால் நான். மனசு உள்ளே குதித்தது. இந்தப் படகில் நான் ஏறியது வாங்கிய அன்று ஒரு தடவை. அதற்குப் பிறகு படகு தண்ணீரில் போகும், நான் காலி ட்ரெய்லரோடு ரோட்டில் போவேன். அது கரை சேருகிற இடத்தில் துண்டை ஆட்டிக்கொண்டு காத்திருந்து ஏற்றி வருவேன். அஷ்டமுடி, காயங்குளம், வேம்பநாடு என்று எல்லாக் கரையும் எனக்குத் தெரியும். நடுத்தண்ணீர்தான் தெரியாது.

மீனாவேதான் அடுத்ததைக் கேட்டாள். "பின்னே, காலி ட்ரெய்லரைக் கொல்லத்துலேர்ந்து விழிஞ்ஞத்துக்கு ஆரு கொண்டு வரும்?"

அண்ணன் டீயிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதுக்கென்ன, தம்பி கொண்டாந்துருவான். மூணாவது ஆளுக்கு நாரோயில் மச்சானைக் கூப்புடுவோம்."

நாகர்கோவில் மச்சான் என்றால் அண்ணனின் மைத்துனர். குளத்தில் இறங்கவே யோசிக்கிற ஆள், வண்டி ஓட்டவும் தெரியாது. அவருக்குப் படகு, எனக்கு ரோடு. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அண்ணன் டீயைக் குடித்து முடித்தார்.

ஜனவரி 19, திங்கள்

கடையில் கூட்டம். குண்டு வத்தல் லோடு வரவில்லை. தும்மல், மூக்கில் எரிச்சல். பிரஷர் மாத்திரை மறந்துபோனது.

மீனா அனுப்பிய சாமான் பட்டியல், வாங்க வேண்டியது நான்: லைஃப் ஜாக்கெட் (மச்சான் அளவுக்குப் பெரிசு), நைலான் கயிறு, கப்பி, டார்ச், பிளாஸ்டிக் வாளி, வாந்தி மாத்திரை, எலுமிச்சம்பழம், படகு மோட்டாருக்குப் பெட்ரோல், ஆயில்.

போகாத பயணத்துக்குக் கடை கடையாக ஏறி இறங்குவது தனி அலுப்பு. கயிற்றுக்கடைக்காரர் "அண்ணாச்சி, கடல் யாத்திரையா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

மச்சான் போன். "சின்னத்தான், போட்டுல சாப்பாடு உண்டும்லா?"

ராத்திரி வசந்தா, "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றாள். வத்தல் நெடி என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அதே வத்தல் நெடிதானே என்றாள்.

ஒரு யோசனை. வேறு யாராவது ட்ரெய்லர் ஓட்டினால்?

ஜனவரி 20, செவ்வாய்

கடையின் மினி லாரி ஓட்டும் தங்கப்பனைக் காலையில் புத்தரிக்கண்டம் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். படகை இறக்கி வைத்துவிட்டு வெறும் ட்ரெய்லரோடு. முன்னால் ஓட்டுவதில் ஒன்றும் இல்லை. பின்னால் தள்ளும்போதுதான் கஷ்டம். ஸ்டீயரிங் வளையத்தை வலப்பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் இடப்பக்கம் போகும். நாம் பதறித் திருத்தினால் அது இன்னும் மடங்கிக்கொள்ளும். லாரிக்காரன், பிடித்துக்கொள்வான் என்று நினைத்தேன். பத்மநாபசாமி கோயில் பக்கமாகத் தள்ளச் சொன்னால் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனது. கடைசியில் ஜீப்பும் ட்ரெய்லரும் மடித்த கத்திரிபோல் நின்றன. ட்ரெய்லரின் பின்விளக்கு சுவரில் மோதித் தூள்.

"இது வண்டியல்ல சாரே, பாம்பா. என்னெக்கொண்டு ஆவில்லா."

தன்னால் ஆகாதென்று சாவியை என் கையில் வைத்துவிட்டு டீக்குடிக்கப் போய்விட்டான்.

விளக்கு ஏன் உடைந்தது என்று அண்ணன் கேட்டார். டயர் செக் பண்ணக் கொண்டுபோனேன் என்றேன். இந்த வயதில் அண்ணனிடம் பொய். அதுவும் ஒரு பின்விளக்குக்காக.

ஜனவரி 22, வியாழன்

மேகமூட்டம், மழையில்லை. கடலோரப் போலீசில் தகவல் சொல்லப் போனேன். நெடுநேரம் பெஞ்சு. சுவரில் பல்லி. அதிகாரி நல்ல மாதிரி. குடியரசு தினக் கெடுபிடி இருப்பதால் "இருபத்தாறு கழிஞ்ஞு போயா மதி" என்றார். 31 சனிக்கிழமை என்று முடிவு.

யார் யார் போகிறீர்கள் என்று கேட்டார். மூன்று பேரைச் சொன்னேன்.

"அப்போ சாரோ?"

"ஞான் ரோடு வழியா."

சிரித்தார். "அப்போ சாரினு பேடிக்கண்டா."

பயப்பட வேண்டாதவன் பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தேன். கிழக்கேகோட்டையில் இறங்கும்போது முட்டி வலி.

ஜனவரி 25, ஞாயிறு

மீனா வந்திருக்கிறாள். வேளிக் காயலில் ஒத்திகை. இறக்கின இடத்திலேயே ஏற்றுவதால் இன்று எனக்கும் படகில் இடம். மச்சான் வரவில்லை, ஏதோ கல்யாணச் சாப்பாடு.

பாயை ஏற்றினோம். போன வருஷத்திலிருந்து கிட்டங்கியில் வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் கிடந்த பாய். அதை உதறி எடுக்க இத்தனை பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மடிப்பு விரிந்ததும் காற்று உதறியது பாருங்கள், ஒரு வருஷத்து வத்தல் தூசி மொத்தமும் பின்பக்கம் பறந்தது. அண்ணன் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறல். மீனா சுக்கானை விட்டுவிட்டு இருமல். பக்கத்தில் வள்ளத்தில் வலை போட்டுக்கொண்டிருந்தவர் எங்கள் குடும்பத்தையே திட்டினார். நான் முன்பக்கம் கயிற்றோடு இருந்ததால் தப்பித்தேன்.

"சித்தப்பா, பிடி! சுக்கானைப் பிடி!"

தவழ்ந்து போய்ப் பிடித்தேன். படகு கொஞ்சம் தள்ளாடியது. பிறகு நின்றது. பிறகு போக ஆரம்பித்தது. மோட்டார் சத்தம் இல்லை, ஒன்றும் இல்லை. கைக்குள் தண்ணீர் இழுப்பது தெரிந்தது. சுக்கானை ஒரு பக்கம் தள்ளினால் படகு மறுபக்கம் போகும். எனக்கா அது புதிது? ஜீப்பில் இத்தனை வருஷமாக வேறென்ன செய்கிறேன்.

மீனா கண்ணைக் கழுவிவிட்டுப் பார்த்தாள். "சித்தப்பா, அடிபொளி" என்றாள். சுக்கானைத் திரும்ப வாங்கவில்லை. கரை வரும்வரை நான்தான்.

எனக்கு இது வேண்டும். எழுதியே வைக்கிறேன். எனக்கு இது வேண்டும்.

ஜனவரி 26, திங்கள்

லீவு. பாயை மாடியில் சோப்புப் போட்டுக் கழுவினோம், நானும் வசந்தாவும். சாக்கடையில் சிவப்புத் தண்ணீர். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தங்கப்பன், பின்விளக்கு, சுக்கான்.

"அண்ணன்ட்ட கேட்டியளா?"

"எதை?"

"நானும் வரேன்னு."

கேட்கவில்லை. அது எப்படிக் கேட்பது.

"வாயைத் தொறந்து கேக்காம, லாரிக்காரனைப் புடிச்சு மைதானத்துல பழக்குவியளாக்கும்" என்றாள். ஈரப் பாயின் ஒரு முனையை என் கையில் கொடுத்து முறுக்கச் சொன்னாள்.

ஜனவரி 27, செவ்வாய்

சொல்லிவிட்டேன். கடையில், ஆள் இல்லாத நேரம் பார்த்து.

"அண்ணே, இந்தத் தடவ நானும் படகுல வரேன்."

"வாயேன். பொறவு வண்டிய யாரு கொண்டாருவா?"

"நீங்க."

அந்த வார்த்தை தானாக வந்துவிட்டது. வத்தல் மாதிரியை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"வெளாடுதியா?"

"இல்ல."

"ஒனக்குப் படகு ஆவாதுன்னுல்லா நெனச்சிருந்தேன். மொத நாளே வாந்தி எடுத்தியே."

"அது மொத நாளு."

"அதுக்குப் பொறவு ஒரு தடவகூட நீ கேக்கலியேடே."

உண்மை. கேட்டதில்லை. நீங்களும் கேட்டதில்லையே என்று சொல்ல நாக்கு வரை வந்தது, முழுங்கிவிட்டேன். அண்ணன் குரல் இறங்கிவிட்டது. "அறுவது தாண்டிட்டேன். இந்தக் கடலுக்கு எத்தன வருஷமா கெடந்து அலையுதேன்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் கஷ்டம். தெரியாமல் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். கோபம் அவர்மேலா என்மேலா என்று பிரித்துப் பார்க்கக்கூடத் தெம்பில்லை.

ஜனவரி 28, புதன்

அண்ணன் பேசவில்லை. நானும்.

கப்பி மாற்றினேன். பின்விளக்குப் புதுசு போட்டாயிற்று.

ஜனவரி 29, வியாழன்

 கடையில் "அந்தத் தராசை எடு" என்பதைக்கூட எங்களுக்கு நடுவில் நின்ற பையன் மூலமாகச் சொன்னார். மீனா போன் பண்ணி, "ரெண்டு பேரும் எந்தா இப்படி, ஸ்கூல் பிள்ளேரு மாதிரி?" என்றாள். நான் ரோடு வழியாகவே வந்துவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். டக்கென்று போனை வைத்துவிட்டாள்.

அசதி. உடம்பா மனசா தெரியவில்லை. விழிஞ்ஞத்தில் எந்த இடத்தில் ஜீப்பை நிறுத்தலாம் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன். பழக்கம்.

ஜனவரி 30, வெள்ளி

மூன்று மணிக்குப் புறப்பாடு. சந்திலிருந்து படகோடு வெளியே எடுத்து மெயின்ரோட்டில் நிறுத்தினேன். அண்ணன் ஜன்னல் பக்கம் வந்து கையை நீட்டினார்.

"எறங்கு. சாவியக் குடு."

இறங்கினேன். அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் போகக்கூடாது என்று ஜங்ஷனிலேயே ஜீப்பை நிறுத்தினார். பின்னால் இரண்டு பஸ், ஏகப்பட்ட ஆட்டோ, விசில். போலீஸ்காரர் பின்னால் எடுக்கச் சொன்னார். அண்ணனுக்குப் பின்னால் எடுக்க வரவில்லை. முன்னாலேயே போய்ச் சுற்றி வந்தோம்.

ஆற்றிங்கல் தாண்டினோம். ரோடு வேலை நடக்கிறது, எங்கே பார்த்தாலும் மாற்றுப்பாதை, புழுதி. பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "நீ கரையில மூஞ்சத் தூக்கி வச்சுட்டு நின்னா எனக்குப் பாய் விட மனசு வருமாடே?"

அடுத்த மாற்றுப்பாதையில் திருப்பிக்கொண்டே, "இந்தச் சனியனை எப்படிப் பின்னால தள்ளுத?"

சொன்னேன். வளையத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கை போகிற பக்கம் ட்ரெய்லர் போகும். இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

கொல்லம் லாட்ஜ். மீனா கொச்சியிலிருந்து நேராக வந்துவிட்டாள். மச்சான் எங்களுக்கு முன்னால் வந்து சாப்பிட்டு முடித்திருந்தார்.

ஜனவரி 31, சனி

படகில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

விடியலில் சாய்தளம். கரையிலிருந்து குளிர்ந்த காற்று, மீன் வாடை. ட்ரெய்லர் மேல் படகு, படகில் நான், மோட்டார் பக்கம். மீனாவும் மச்சானும் கயிற்றோடு ஓரத்தில். ஜீப்பில் அண்ணன். பின்னால் தள்ள ஆரம்பித்தார். மடங்கியது. முன்னால் போய் மறுபடி. மடங்கியது. வலைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. "லெஃப்ட், லெஃப்ட்!" "அய்யோ, அதல்ல லெஃப்ட்!" ஒருவர் அண்ணாந்து என்னைப் பார்த்து, "சேட்டா, நிங்களு இறங்கி எடுக்கு" என்றார். நான் இறங்கினால் ஒரே தள்ளில் முடிந்துவிடும். எனக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். கண்ணாடியில் அவர் கண் தெரிந்தது. சட்டை முதுகு நனைந்திருந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கவில்லை.

எப்படியோ கோணலாக, தண்ணீர். படகு மிதந்தது. அண்ணன் ஜீப்பை விட்டு இறங்கி, முட்டளவு தண்ணீரில் நின்று, படகின் மூக்கைக் கையால் தள்ளிவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்து, "சித்தப்பாவப் பாத்துக்கோ" என்றார்.

இப்போது கடல்காற்று வந்துவிட்டது. பாய் புடைத்திருக்கிறது. சோப்பு மணம். இடது பக்கம் தூரத்தில் வர்க்கலைக் குன்று, செம்மண் கோடு. மச்சான் வாளியோடு குப்புறப் படுத்திருக்கிறார், சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறேன். களைப்பாகவும் இருக்கிறேன். இரண்டும் சேர்ந்து வரும் என்று தெரியாது.

சற்று முன் அண்ணன் போன். வர்க்கலையில் ஜீப்பை நிறுத்திவிட்டுக் குன்றுமேல் நிற்கிறாராம். மூச்சு வாங்கியது.

"டே, நான் தெரியுதேனா? துண்டை ஆட்டுதேன் பாரு. சேப்புத் துண்டு."

எழுந்து நின்று பார்த்தேன். பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்த்தேன். செம்மண்ணும் வெயிலும். ஓர் ஆள் உருவம்கூட இல்லை, இந்தத் தூரத்தில் இருக்கவும் முடியாது.

"தெரியுதுண்ணே" என்றேன். "நல்லாத் தெரியுது."

இத்தனை வருஷமும் நான் கரையிலிருந்து போனில் தெரிகிறேனா என்று கேட்டபோதெல்லாம் அவரும் இதையேதான் சொன்னார்.