பதினான்கு நாளாய்ப் பிரிக்காத தையல்

குதிகால் வலி உயிர் போகிறது, ஆனாலும் கிளம்பிவிட்டேன். காலை டியூட்டிக்கு இரண்டு நர்சுகள் வரவில்லையாம்; ஐந்தரைக்கே போன் வந்துவிட்டது. நீங்கள் அசந்து தூங்கினீர்கள், எழுப்பவில்லை. குழம்பைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். வெளியே போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள், மகள் மூன்று மணிக்கு வந்துவிடுவாள்.

"ஊருக்கெல்லாம் நர்ஸு, எனக்கு மட்டும் வெறும் பொண்டாட்டியா?" என்று நேற்று கேட்டீர்கள். "அப்ப கொத்தனார் வேலைய விட்டுட்டு நீங்களே வந்து ஊசி போடுங்க" என்று நானும் கத்தினேன். கத்தியிருக்க வேண்டாம்.

உங்கள் கையில் போட்ட தையலைப் பத்தாம் நாளே பிரித்திருக்க வேண்டும். இன்றோடு பதினான்கு. ஆஸ்பத்திரியில் தினமும் நாற்பது பேருக்குப் பிரிக்கிறேன். வீட்டுக்கு வந்தால் கண்ணை இருட்டுகிறது. இனியும் எனக்காகக் காத்திருந்தால் தோல் நூலை மூடிவிடும். இன்றே வந்து சீட்டு வாங்கி வரிசையில் நில்லுங்கள். இன்றைக்கு என்னைப் பிரசவ வார்டில் போட்டிருக்கிறார்கள், நகர முடியாது. வேறு யாராவது பிரித்துவிடுவார்கள்.

நீங்களே தையலை அறுத்துக்கொள்ளக் கூடாதென்று சவர பிளேடை ஒளித்து வைத்திருக்கிறேன். தேடாதீர்கள்.

தாளில் இடமில்லை, நுணுக்கி எழுதுகிறேன்: "வரிசையில எதுக்கு நிக்கணும், வீட்லயே நான் பிரிச்சு விடறேன்" என்று சொன்னது நான்தான். யார் பிரித்தாலும் அந்த வாக்கு உங்களுக்கு நான் பட்ட கடன். இன்னும் தீர்க்கவில்லை.