எண்ணெய்த் தொட்டியும் என் கையெழுத்தும்

காரக்கெட்,
நவம்பர் முதல் ஞாயிறு.

அன்புள்ள மிரேய் அக்காவுக்கு,

தங்கை ரொசெலின் எழுதுவது. ஆல்பர்ட்டாவில் இப்போதே முழங்கால் வரை பனி என்று அம்மாவிடம் சொன்னாயாம். நான் பின்னி அனுப்பிய காலுறை வந்து சேர்ந்ததா? இங்கே இன்னும் மழைதான். ஹெரிங் மீன் வரத்து முடிந்து தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் வழக்கம்போல வசந்தம் வரை, வேலை இல்லாத காலத்துக்கு வரும் அரசாங்கப் பணத்தில். நான் மட்டும் முதியோர் இல்லத்துச் சலவை அறைக்குப் போய்வருகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் சமையலறையில் இருக்கிறது. அப்பாவின் நாற்காலியும் அங்கேதான்.

சியாசோன் வீட்டை வாங்கப்போவது உனக்குத் தெரியும். நீ அனுப்பியதையும் சேர்த்து முன்பணம் தேறியதும், சாவியே கைக்கு வந்துவிட்டதுபோல அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நமக்கு மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் பெர்னாந்து அத்தை சும்மா இருப்பாளா? படியில் ஏறும்போதெல்லாம், "என்ன தம்பி, வீட்டுக்காரரே, இந்த மாச வாடகையாவது உண்டா, இல்ல இந்த ஏழை அக்காவை மறந்தாச்சா?" என்று கேட்கிறாள். அப்பாவுக்கு அதில் பெருமைதான்.

முன்பணத்துக்கு மேல் செலவு இருக்கிறது என்று நம் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை அக்கா. இதற்குமுன் வீடு வாங்கியவர் யார் இருக்கிறார்கள், சொல்ல? வக்கீல் கட்டணம், பத்திரப் பதிவு வரி என்று ஒவ்வொன்றாக வந்தது. பிறகு காப்பீட்டுக்காரர் வந்து நிலவறையில் டார்ச் அடித்துப் பார்த்தார். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்த் தொட்டி துருப்பிடித்திருக்கிறது, மாற்றினால்தான் காப்பீடு என்றார். காப்பீடு இல்லாமல் வங்கி கடன் தராது. அதோடு போகவில்லை. விற்கிறவர் தொட்டியை நிரப்பி வைத்திருக்கிறார். அந்த எண்ணெய்க்கும் நாம்தான் பணம் கொடுக்க வேண்டுமாம், அதுதான் முறையாம். அப்பா கத்தியது மீன்பிடித் துறை வரை கேட்டிருக்கும். "தொட்டி ஓட்டை, அதுல இருக்கிற எண்ணெய்க்கு நான் காசு குடுக்கணும், அப்புறம் அதை வெளியே எடுக்கிறவனுக்கும் நானே குடுக்கணும்! சியாசோன் குடிச்ச காபிக்கும் பில் போடச் சொல்லு!" அம்மா சிரித்துச் சிரித்து அழுதாள். பிறகு நிஜமாகவே அழுதாள்.

பாத்தர்ஸ்டில் பெரியவர்களுக்கான பள்ளியில் சேர நான் சேர்த்து வைத்திருந்தது தொட்டிக்குப் போய்விட்டது. யாரும் கேட்கவில்லை, நானே எடுத்துக் கொடுத்தேன். அதற்காக இந்தக் கடிதம் எழுதவில்லை.

மற்ற செலவெல்லாம் முன்பணத்தைத் தின்றுவிட்டது. அதனால் கடன் கூடிப்போனது. இவ்வளவு கடனுக்கு உங்கள் வருமானம் போதாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். மீன் வேலையை அவர்கள் பாதி வேலையாகத்தான் எண்ணுகிறார்கள். வீட்டில் வருடம் முழுக்கச் சம்பளம் வாங்குகிற ஆள் வேறு யாராவது உண்டா என்று மேலாளர் கேட்டாராம். அப்பா என் பெயரைச் சொல்லிவிட்டு வந்தார். அன்று இரவுச் சாப்பாட்டில் கோழிக் கறியின் நல்ல துண்டை என் தட்டில் போட்டார்.

வியாழக்கிழமை வக்கீல் லான்டேன் அம்மையாரிடம் அழைத்துப்போனார்கள். அவர் நல்லவர். இங்கே சட்டப்படி எனக்குப் பத்தொன்பது ஆகாமல் கையெழுத்து செல்லாது என்பதால், பிறந்தநாளுக்கு மறுநாள் காலைக்குத் தேதி வைத்திருக்கிறார். கடன் தீர இருபத்தைந்து வருடம், அதுவரை என் பெயரும் அதில் இருக்கும் என்று பொறுமையாக விளக்கினார். தீரும்போது எனக்கு அம்மாவின் இப்போதைய வயது. அப்பாவின் வருமானம் மட்டும் போதும் என்று வங்கி நினைத்தால் நடுவில் என் பெயரை எடுக்கலாமாம். அப்பாவின் வருமானம் போதும் என்று எந்த வங்கி நினைத்திருக்கிறது?

கடைசியில் அவர் என்னைப் பார்த்து, "உனக்கு ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். உனக்குத்தான் என்னைத் தெரியுமே, நான் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன். அப்பா முந்திக்கொண்டு, "இவளா? வருஷத்துக்கு ரெண்டு தடவை வாயத் திறப்பா. இந்த வருஷக் கணக்கு முடிஞ்சுபோச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வருகிற வழியில் சியாசோன் வீட்டுக்குப் போனோம். கடலைப் பார்த்த சின்ன அறையில் என்னை நிறுத்தி, "இது உன்னோடது. நீ சொல்ற கலர்தான்" என்றார் அப்பா. எத்தனை வருடமாகச் சமையலறைக் கட்டிலில் படுக்கிறேன், அவருக்கு அது வலிக்கிறது. நான் மஞ்சள் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அம்மா இப்போது மஞ்சள் திரை தைக்கிறாள். போர்வை மடிக்கும்போது அவளிடம் மெதுவாக, யோசித்துச் சொல்லட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். "கையெழுத்துதானேடி, கிட்னியவா கேக்கிறாங்க?" என்றாள். பிறகு வெகுநேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் மாட்டேன் என்றால் வீடு இல்லை அக்கா. சரி என்றால் அந்தச் சலவை அறையை விட்டு என்னால் நகரவே முடியாது. நான் வேலையை விட்டு நின்றால் தவணையும் நிற்கும்.

நீ சமைக்கிற தொழிலாளர் முகாமில் சலவை அறை இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

இனி பணம் அனுப்பாதே. தயவுசெய்து அனுப்பாதே. அனுப்பினால் புதுச் செலவு ஒன்று வந்து அதையும் தின்றுவிடும்.

எனக்காக ஒன்று மட்டும் செய். என் பிறந்தநாள் அன்று சாயங்காலம் போன் பண்ணு. அப்பாதான் எடுப்பார். ரொசெலினிடம் கேட்டீர்களா என்று அவரிடம் நீ கேள். உன்னிடம் அவர் சிரித்து மழுப்ப மாட்டார். பிறகு என்னிடம் கொடுக்கச் சொல். எல்லோரும் சுற்றி நிற்பார்கள், கேக்கும் வெட்டாமல் இருக்கும். எப்படி இருக்கிறாய் என்று நீ கேட்பாய். நன்றாக இருக்கிறேன், எனக்குச் சம்மதம்தான் என்று நான் சொல்லிவிடுவேன். நம்பாதே அக்கா. போனை வைத்துவிடாதே.

மாதா உன்னைக் குளிரிலிருந்து காக்கட்டும்.

உன் அன்புத் தங்கை,
ரொசெலின்